மீசையைக் குறைச்ச கோச்சும் ஒரு வாக்ஓவரும்

ஞாயித்துக்கிழமையில இருந்து வயிறு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. (அன்னைக்கு மொளகா பஜ்ஜி தின்னேன், ஆனா அதனால இல்ல. பஜ்ஜிக்கும் இந்தக் கதையில ஒரு பங்கு இருக்கு. வர்றேன்.)

எங்க அண்ணன் மக ஷட்டில் ஆடுவா. பன்னெண்டு வயசு. பேரு எதுக்கு, பாப்பான்னே வெச்சுக்குவோம். வீட்டுலயும் அப்படித்தான் கூப்பிடுறோம். ரெண்டு காதுலயும் மெஷின் மாட்டியிருப்பா. அதைக் கழட்டிட்டா பக்கத்துல நின்னு பேசினாலும் கேக்காது. நல்லா கத்தினா ஏதோ சத்தம் வருதுன்னு தெரியும். என்னன்னு தெரியாது.

ஞாயித்துக்கிழமை பதிமூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு போட்டி. எங்கன்னு சொல்ல மாட்டேன். நாலு கோர்ட்டு, ஒரே ஒரு மைக்கு. அந்த மைக்கு இருக்கே, காது நல்லா கேக்குற எனக்கே அதுல வர்றது ஒண்ணும் புரியல. "கொர்ர்ர்... கோர்ட் நம்பர்... கொர்ர்ர்... உடனடியாக வரவும்." யாரு வரணும், எங்க வரணும்? சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல பிள்ளையத் தொலைச்சவங்க அறிவிப்புக்கூட இதை விடத் தெளிவா இருக்கும்.

பாப்பா முத ரவுண்டு ஜெயிச்சுட்டா. 21-12, 21-9. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. மெஷினைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டு, ஹாலுக்குப் பின்னாடி சுவத்துல அடிச்சுப் பழகிக்கிட்டு இருந்தா. மதினி தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க. அண்ணனுக்கு அன்னைக்கு டூட்டி. பொறுப்பா பக்கத்துல நின்னிருக்க வேண்டிய சித்தப்பன், அதாவது நான், ரோட்டோரத் தள்ளுவண்டியில பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தேன்.

இருவது நிமிசத்துலயே பேரைக் கூப்பிட்டுட்டாங்க. மூணு தடவை. ஆளைக் காணோம்.

வாக்ஓவர். எதிராளி ஆடாமலே ஜெயிச்சாச்சு.

போட்டி நடத்துறவர்கிட்ட ஓடிப் போய்க் கேட்டேன். "சார், காது கேக்காத பிள்ளை சார், ஃபாரத்துலயே எழுதிக் குடுத்திருக்கோமே"ன்னேன். அவரு கோபப்பட்டிருந்தா நானும் எகிறிப் பேசியிருப்பேன். மனுசன் கோபப்படல. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, "பாவம் சார். இந்த மாதிரி பிள்ளைய எதுக்கு நார்மல் டோர்னமெண்டுக்கெல்லாம் கூட்டியாந்து கஷ்டப்படுத்துறீங்க?"ன்னாரு.

பாவம்!

அந்தப் பாவம்தான்யா அரை மணி நேரத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளைய 21-9ன்னு வீட்டுக்கு அனுப்புச்சு!

(இதை நான் அங்க சொல்லல. வாயில பஜ்ஜி இருந்துச்சு. வண்டிய எடுத்துக்கிட்டு கோரிப்பாளையம் சிக்னல் தாண்டினதுக்கு அப்புறம்தான் தோணுச்சு. எனக்கு எல்லா நல்ல பதிலும் சிக்னல் தாண்டித்தான் வரும்.)

அவரு இந்த ஊருக்காரரு. அதான் எனக்குத் தாங்கல. மதுரையில உக்காந்துக்கிட்டு, காது கேக்காத பொண்ணு ஷட்டில் ஆடுறதைப் பத்தி 'பாவம்'ங்கிறதுக்கு எப்படி மனசு வந்துச்சு?

ஜெர்லின் அனிகா எந்த ஊரு? இதே ஊரு. எந்தப் பள்ளிக்கூடம்? மாநகராட்சி அவ்வை பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பொறந்ததுல இருந்தே காது கேக்காத பொண்ணு. அப்பா ஷட்டில் ஆடப் போற எடத்துக்குக் கூடவே போயி, எட்டு வயசுல ராக்கெட்டைப் பிடிச்சது. 2017-ல துருக்கி நாட்டு சாம்சுன்ல நடந்த, காது கேளாதவங்க ஒலிம்பிக்ஸான டெஃப்லிம்பிக்ஸுக்குப் போனப்ப அதுக்கு வயசு பதிமூணு. பதக்கம் ஒண்ணும் இல்லாமத்தான் திரும்பி வந்துச்சு. அடுத்தது கொரோனாவால தள்ளிப் போயி 2022 மே மாசம் பிரேசில்ல காசியஸ் டோ சுல்ங்கிற ஊர்ல நடந்துச்சு. அதுல மூணு தங்கம். ஒத்தையர்ல ஒண்ணு, அபினவ் சர்மாவோட கலப்பு இரட்டையர்ல ஒண்ணு, குழுப் போட்டியில ஜப்பானை ஜெயிச்சு ஒண்ணு. அந்தத் தடவை இந்தியாவுக்கு வந்த தங்கமே மொத்தம் எட்டுதான். அதுல மூணுல இந்த மதுரைப் பொண்ணு கை இருக்கு. அந்த வருஷமே அர்ஜுனா விருது. நம்ம செஸ் பிரக்ஞானந்தா வாங்கினாரே, அதே பட்டியல்.

பேப்பர்ல அந்தப் பொண்ணோட போட்டோ வந்த அன்னைக்கு எங்க பாப்பாவுக்கு ஒன்பது வயசு இருக்கும். அதுவரைக்கும் அவளுக்கு ஷட்டில்னா தெருவுல கயிறு கட்டி ஆடுறது, காத்தடிச்சா நிறுத்துறது. போட்டோவப் பாத்துட்டு அவ கேட்டது பதக்கத்தைப் பத்தி இல்ல. "இந்த அக்கா காதுல ஏன் மெஷின் இல்ல?"

யாருக்கும் பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது. டெஃப்லிம்பிக்ஸ்ல ஆடும்போது மெஷின் மாட்டக் கூடாது. காக்ளியர் இம்பிளாண்ட் வெச்சிருந்தாலும் வெளிய மாட்டுற பாகத்தைக் கழட்டிரணும். எல்லாரும் ஒரே அமைதியில ஆடணும்னு விதி. உள்ள போறதுக்கு அளவும் இருக்கு: நல்லா கேக்குற காதுலயே 55 டெசிபலாச்சும் குறைஞ்சிருக்கணும். நாம சாதாரணமாப் பேசுற பேச்சு ஒரு 60 டெசிபல் வரும். அதுல 55 போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே கணக்குப் பாத்துக்குங்க.

இதைப் பாப்பாகிட்ட எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ அங்க எல்லாரும் என்னைய மாதிரியா?"ன்னா.

ஆமாண்டி.

"அப்போ மைக்கு இருக்காதா?"

(பாருங்க, ஒன்பது வயசுலயே பிரச்சனை எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரிய ஒரு வாக்ஓவர் தேவைப்பட்டுச்சு.)

அப்படி ஆரம்பிச்சதுதான். நரிமேட்டுப் பக்கம் ஒரு இண்டோர் கோர்ட்டுல சேத்துவிட்டோம். சேத்தது நான். நானும் அங்கதான் காலையில தொப்பையைக் குறைக்கிறேன்னு சொல்லிக்கிட்டு டபுள்ஸ் ஆடுறேன். (தொப்பை அப்படியேதான் இருக்கு. முட்டிதான் தேஞ்சிருக்கு.)

முத மூணு மாசம் பிள்ளை ஒண்ணுமே கத்துக்கல. கோச்சு நல்ல மனுசன், தங்கமான மனுசன். ஆனா அவரு சொல்றது இவளுக்குப் போய்ச் சேரல. மெஷின்தான் மாட்டியிருக்காளே, அப்புறம் ஏன்? எல்லாரும் இதைத்தான் கேப்பீங்க. மெஷினுங்கிறது கண்ணாடி மாதிரி இல்ல. கண்ணாடி மாட்டினா தெளிவாத் தெரியும். மெஷின் எல்லாத்தையும் சேத்துக் கூட்டிவிடும். இண்டோர் கோர்ட்டுல ஷூ கிறீச்சுங்கிறது, பத்து ராக்கெட்டு அடிக்கிறது, தகரக் கூரையில எதிரொலி, பக்கத்துக் கோர்ட்டுல ஒருத்தரு "யப்பா சாமி"ன்னு கத்துறது எல்லாம் ஒண்ணா வந்து விழும். அதுல கோச்சு பேச்சு எங்க இருக்குன்னு தேடணும். அதனால பிள்ளைக பாதி காதால, பாதி வாயசைவைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குதுக.

அங்கதான் சிக்கல். கோச்சுக்கு மீசை.

சும்மா மீசை இல்ல. மேல் உதட்டை முழுசா மூடி, ரெண்டு பக்கமும் இறங்கி, காவல் தெய்வம் கணக்கா. அந்த மீசைக்குப் பின்னாடி உதடு இருக்கா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. பாப்பா மூணு மாசமா அந்த மீசையைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கா. மதினிதான் கண்டுபிடிச்சாங்க. "அவரு என்ன சொல்றாருன்னு கேட்டா, மீசை ஆடுதுங்கிறா"ன்னாங்க.

இதை எப்படிப் போய் ஒரு மனுசன்கிட்டச் சொல்றது? மதுரையில ஒருத்தர்கிட்ட மீசையைக் குறைங்கன்னு சொல்றது சாமானியமா? ரெண்டு வாரம் தள்ளிப் போட்டேன். கடைசியில டீக்கடையில வெச்சுப் பைய ஆரம்பிச்சேன். "கோச்சு, ஒரு விசயம், தப்பா நெனைக்கக் கூடாது..." கேட்டுட்டு ஒண்ணுமே பேசல. டீயைக் குடிச்சாரு. போய்ட்டாரு. போச்சு, பிள்ளையோட ஷட்டில் இத்தோட முடிஞ்சதுன்னு நெனைச்சேன்.

மறுநா காலையில வந்தாரு. மேல் உதடு தெரிஞ்சது. பதினெட்டு வருஷமா அவரைத் தெரியும், அன்னைக்குத்தான் அவரு பல்லுக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தேன்.

அதுமட்டும் இல்ல. சுவத்தைப் பாத்துப் பேசுறதை விட்டாரு. ஷட்டிலைப் பொறுக்கிக்கிட்டே பேசுறதை விட்டாரு. முதல்ல பிள்ளை முன்னாடி வந்து நிப்பாரு, பேசுவாரு, அப்புறம் செஞ்சு காட்டுவாரு. ஒரு மாசத்துல பாப்பா மட்டும் இல்ல, அந்த பேட்ச்சுல இருக்குற எல்லாப் பிள்ளைகளும் நல்லா ஆட ஆரம்பிச்சிருச்சுக. (அப்போ அதுக்கு முன்னாடி எவனுக்குமே அவரு சொன்னது புரியலைன்னுதானே அர்த்தம்? இதை அவர்கிட்டக் கேக்கல. மீசையை இழந்த மனுசன்.)

அடுத்தது வேர்வை. இந்த மெஷின்ல இருக்குற ஒரு கஷ்டம் வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியாது. காதுக்குப் பின்னாடிதான் மெஷினோட உடம்பு இருக்கும். வேர்வை மொதல்ல ஓடி வர்றதும் அங்கதான். நம்ம ஊரு வெயிலும், அந்தத் தகரக் கூரையும் சேந்தா, அரை மணி நேரத்துல 'டொக்'குன்னு நின்னுரும். ஒரு ஜோடி விலை எங்க அண்ணன் வண்டியை விட அதிகம். அது நின்னா மதினிக்கும் மூச்சு நின்னுரும்.

நாங்க பண்ணின சோதனைகளைக் கேளுங்க.

செல்போன் தண்ணியில விழுந்தா அரிசியில போடுவாங்களே, அது மாதிரி அம்மா (பாப்பாவோட அப்பத்தா) மெஷினைத் தூக்கி அரிசிப் பானையில போட்டுட்டாங்க. ஈரம் போச்சோ இல்லையோ, மைக் ஓட்டைக்குள்ள தவிட்டுத் தூசி போச்சு. சர்வீஸ் பண்ற பையன் எங்களைப் பாத்த பார்வை இருக்கே! அதுக்கப்புறம் டப்பா ஒண்ணு வாங்கினோம், உள்ள சிலிக்கா குருணை போட்டது. ஈரம் குடிச்சா நிறம் மாறும். அது மாறிருச்சான்னு பாக்குறதே அம்மாவுக்குத் தினசரி வேலையாப் போச்சு, பால் பொங்குதான்னு பாக்குற மாதிரி.

அப்புறம் மெஷினுக்குச் சட்டை. சாக்ஸ் மாதிரி ஒரு துணி உறை. வேர்வை கொஞ்சம் நின்னுச்சு. ஆனா துணி உரசுற சத்தம் பாப்பாவுக்கு மழை பெய்யுற மாதிரி கேட்டுச்சாம். தலைக்கு ரிப்பன் கட்டிப் பாத்தோம். இறுக்கிக் கட்டினா தலைவலி, லூசாக் கட்டினா மூக்குக்கு இறங்கி வந்துச்சு. பேட்டரி வேற. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டின குட்டி பேட்டரி. ஸ்டிக்கரைப் பிரிச்சாத்தான் காத்து உள்ள போயி வேலை செய்யும். பிரிச்சுட்டா மெஷினைப் போட்டாலும் போடாட்டியும் தீந்துக்கிட்டே இருக்கும். இது தெரியாம மொத்த அட்டையையும் 'ரெடியா இருக்கட்டும்'னு பிரிச்சு வெச்ச ஒரு புத்திசாலி எங்க வீட்டுல இருக்கான். (இதை எழுதிக்கிட்டு இருக்கான்.)

கடைசியில பாப்பாவே ஒரு நாள் மெஷினைக் கழட்டி அவ அம்மா கையில குடுத்துட்டுக் கோர்ட்டுக்குள்ள போனா. "அந்த அக்காவும் கழட்டிட்டுத்தானே ஆடுச்சு"ன்னா. முடிஞ்சது.

சரி, காது கேக்காம ஷட்டில் ஆடுறதுல அப்படி என்ன இருக்கு? கண்ணுதானே முக்கியம்? நானும் அப்படித்தான் நெனைச்சேன். லீ டக்-ஹீன்னு ஒரு தென்கொரியா டென்னிஸ் பையன். பொறவியிலேயே காது கேக்காது. 2019 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல வின்ஸ்டன்-சேலம் போட்டியில ஒரு சுவிட்சர்லாந்து ஆட்டக்காரரை ஜெயிச்சாரு. ஏ.டி.பி. போட்டியோட முக்கியச் சுத்துல ஒரு ஆட்டம் ஜெயிச்ச முத காது கேளாத ஆளு அவருதான். அவரைப் பத்தி ஆண்டி முர்ரே சொன்னதா எங்கேயோ படிச்சேன்: பந்து எவ்வளவு வேகத்துல வருதுன்னு கண்டுபிடிக்க நாங்க காதை ரொம்ப நம்பியிருக்கோம், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஆடினா ரொம்பக் கஷ்டம்ங்கிற மாதிரி.

படிச்சதோட விட்டிருக்கலாம். எனக்கு ஒரு விபரீத ஆசை வந்துச்சு.

மருந்துக்கடையில பஞ்சு மாதிரி அமுக்கி வைக்கிற காதடைப்பான் வாங்கினேன். காலையில டபுள்ஸ்ல ரெண்டு காதுலயும் அடைச்சுக்கிட்டு எறங்கினேன். எனக்கு ஜோடி ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அவர்கிட்டச் சொல்லல. (சொல்லியிருக்கணும். ஒத்துக்குறேன்.)

முத ஷாட்டுல இருந்தே ஏதோ தப்பா இருக்கு. ஷட்டில் வர்றது தெரியுது, ஆனா எப்ப அடிச்சான்னு தெரியல. அப்பதான் உறைச்சுச்சு. நான் இத்தனை வருஷமா ஸ்மாஷைக் காதால ஆடிக்கிட்டு இருந்திருக்கேன். 'டப்'புன்னு சத்தம் வந்தா ஸ்மாஷ், உக்காரு. 'சிக்'குன்னு உரசினா ட்ராப், ஓடு. கண்ணு பாத்து மூளை முடிவெடுக்கிறதுக்குள்ள காது சொல்லிருது. இது என் அனுபவம் மட்டும் இல்ல. சத்தத்துக்கு உடம்பு துள்ளுறது, வெளிச்சத்துக்குத் துள்ளுறதை விட வேகம். ஒரு நொடியில ஏழுல ஒரு பங்குக்கும் அஞ்சுல ஒரு பங்குக்கும் இருக்குற வித்தியாசம். டீக்கடையில அது ஒண்ணும் இல்ல. கோர்ட்டுல அதுக்குள்ள ஷட்டில் கால்ல விழுந்திருக்கும்.

அதை விடக் கொடுமை பின்னாடி நிக்கிற போஸ்ட்மாஸ்டர். அவரு எங்க நிக்கிறாருன்னு நான் திரும்பிப் பாத்ததே கிடையாது. அவரு ஷூ சத்தம் சொல்லிரும். அன்னைக்கு அவரு எங்க இருக்காருன்னே தெரியல. நடுவுல ஒரு ஷட்டில் வந்துச்சு. அவரு "விடு"ன்னு கத்தியிருக்காரு. நான் விடல. அவரு ராக்கெட்டு என் புருவத்துல.

மூணு தையல் போட வேண்டியதுன்னு டாக்டர் சொன்னாரு, அப்புறம் பிளாஸ்திரியோட விட்டுட்டாரு. ஆட்டம் 21-8. வழக்கமா நாங்க ஊதித் தள்ளுற ஜோடிகிட்ட.

வீட்டுக்கு வந்து பெருமையா பாப்பாகிட்டக் காட்டினேன். "இன்னைக்கு நான் உன்னைய மாதிரியே ஆடினேன்"ன்னேன். அவ பஞ்சை வாங்கிப் பாத்துட்டு சிரிச்சா. அப்புறம் விசாரிச்சா, அந்தப் பஞ்சு குறைக்கிறதே முப்பது டெசிபலைச் சுத்தித்தானாம். டெஃப்லிம்பிக்ஸ்ல அதை வெச்சு என்னைய வாசல்லகூட நிக்க விட மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். "சாமி ஒண்ணைப் புடுங்கினா இன்னொண்ணைக் கூட்டிக் குடுப்பாரு, அதான் அவளுக்குக் கண்ணு கூர்மை"ன்னு சொந்தத்துல ஒரு பெரியம்மா அடிக்கடி சொல்லும். எனக்கு அது பிடிக்கல. சாமி ஒண்ணும் கூட்டிக் குடுக்கல. அந்தப் பிள்ளை மூணு வருஷமா காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு, எதிராளியோட தோளையும் முழங்கையையும் பாத்துப் பாத்துப் பழகியிருக்கு. ராக்கெட்டு முகம் கடைசி நேரத்துல எங்கிட்டுத் திரும்புதுன்னு பாக்கும். கூட ஒரு பையன் இருக்கான், ஒவ்வொரு பாயிண்டுக்கும் தொண்டை கிழியக் கத்துவான், எதிராளிய மிரட்ட. எல்லாப் பிள்ளைகளும் மிரளும். பாப்பா சர்வீஸுக்கு ரெடியாகி, இவன் ஏன் வாயைத் திறந்து வெச்சிருக்கான்னு பாத்துக்கிட்டு நிப்பா.

புருவம் ஆறினதுக்கு அப்புறம் நானும் பாப்பாவும் டபுள்ஸ் ஆடிப் பாத்தோம். முதல்ல சைகை வெச்சோம். உள்ளங்கையைக் காட்டினா 'விடு'. நல்ல யோசனைதான். ஆனா அவ முன்னாடி நிக்கிறா, நான் பின்னாடி நிக்கிறேன். பின்னாடி நின்னு நான் கையைக் காட்டினா யாருக்குத் தெரியும்? எதிராளிக்குத் தெரிஞ்சுச்சு. அவனுக ரொம்ப நன்றியோட விட்டானுக.

அடுத்து காலால தரையை உதைச்சுப் பாத்தோம். மரத் தரை, அதிர்வு போகும்ல? போச்சு. பக்கத்துக் கோர்ட்டுல எவன் குதிச்சாலும் அதுவும் சேந்தே போச்சு. பாப்பா எவனோ குதிச்சதுக்கெல்லாம் ஷட்டிலை விட்டா.

கடைசியில உருப்பட்டது ரொம்ப எளுசானது. ஆடும்போது பேசவே கூடாது, எல்லாத்தையும் முன்னாடியே பேசிரணும். அவ தலையைத் தாண்டினா என்னுது, அவ திரும்பக் கூடாது. பக்கம் பக்கமா நிக்கும்போது நடுவுல வந்தா யாருக்கு ஃபோர்ஹேண்டோ அவங்களுது. சர்வீஸ் போடும்போது முதுகுக்குப் பின்னாடி விரல்: ஒரு விரல்னா குட்டையா, ரெண்டுன்னா தலைக்கு மேல. (இது ஒண்ணும் எங்க கண்டுபிடிப்பு இல்ல, காது கேக்குற பெரிய பெரிய ஜோடிகளே பண்றதுதான்.) ஒவ்வொரு பாயிண்டு முடிஞ்சதும் அவ திரும்பி ஒரு தடவை என்னையப் பாப்பா. அவ்வளவுதான். இதையே போஸ்ட்மாஸ்டரோடயும் ஆரம்பிச்சேன். ஆறு வருஷமா "உன்னுதா என்னுதா"ன்னு நடந்த சண்டை நின்னுருச்சு.

யோசிச்சுப் பாத்தா இந்த விளையாட்டுல கை ஜாடை புதுசே இல்ல. லைன் நடுவர் அவுட்டுன்னா ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிக்கணும். உள்ளன்னா கோட்டைக் காட்டணும். எங்க விழுந்துச்சுன்னு தெரியலைன்னா ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கணும். 'அவுட்'டுன்னு கத்துறது கேக்காட்டியும் கையைப் பாத்தாப் போதும்.

காது கேளாதவங்க போட்டி எப்படி நடத்துறாங்கன்னு கேட்டாலும் இதேதான் பதில். விதியை மாத்துறது இல்ல, வலையை இறக்குறது இல்ல, கோர்ட்டைச் சுருக்குறது இல்ல. ஓட்டப் பந்தயத்துல துப்பாக்கிக்குப் பதிலா விளக்கு: சிவப்பு, மஞ்சள், பச்சை. கால்பந்துல நடுவர் கையில கொடி. டெஃப்லிம்பிக்ஸ் 1924-ல பாரிஸ்ல முத முதலா நடந்துச்சு, ஒன்பது நாடு, 148 பேரு. நடத்தினவரு எழேன் ரூபன்ஸ்-அல்கே, அவருக்கும் காது கேக்காது. பாராலிம்பிக்ஸ் ஆரம்பிச்சது 1960-ல. அதுக்கு முப்பத்தாறு வருஷம் முந்தியே இவங்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதனால தயவுசெஞ்சு ஜெர்லின் அனிகாவைப் 'பாராலிம்பிக்ல ஜெயிச்ச பொண்ணு'ன்னு சொல்லாதீங்க. எனக்கு வாட்ஸ்அப்ல வந்த வாழ்த்துல பாதி அப்படித்தான் வந்துச்சு. காது கேளாதவங்களுக்கு பாராலிம்பிக்ஸ்ல பிரிவே கிடையாது. அவங்க அமைப்பு 1995-லயே அதுல இருந்து வெளிய வந்துருச்சு. பேரை மாத்திச் சொன்னா என்ன குறைஞ்சு போச்சுங்கிறீங்களா? குறையுது. பாராலிம்பிக்ஸ் பத்தித் தெரிஞ்ச அளவுக்கு இதைப் பத்தி யாருக்கும் தெரியாததால பரிசு, வேலை, வரவேற்பு எல்லாத்துலயும் பின்னாடி நிக்கிறது இவங்கதான். 2017-ல சாம்சுன்ல இருந்து இந்திய அணி பதக்கத்தோட டெல்லி விமான நிலையத்துல வந்து எறங்கினப்ப வரவேற்க அதிகாரிங்க யாரும் வரல. பிள்ளைக அங்கேயே உக்காந்து போராட்டம் பண்ணுச்சுக. டெஃப்லிம்பிக்ஸ்ல மூணு தடவை தங்கம் வாங்கின மல்யுத்த வீரர் வீரேந்தர் சிங், 2021-ல பத்மஸ்ரீ வாங்கின கையோட டெல்லியில ஹரியானா பவன் வாசல்ல நடைபாதையில உக்காந்தாரு. பாரா வீரர்களுக்குக் குடுக்குறதை எங்களுக்கும் குடுங்கன்னுதான் கேட்டாரு. அவரை ஊரே கூப்பிட்ட பேரு 'ஊமைப் பயில்வான்'. சொல்லவே எனக்கு நாக்குக் கூசுது.

அதுசரி, அன்னைக்கு வாக்ஓவர் குடுத்தவரு "நார்மல் டோர்னமெண்டுக்கு எதுக்கு"ன்னாரே, அதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கேன். (இதுவும் சிக்னல் தாண்டித்தான் தோணுச்சு.) ராஜீவ் பாகா. காது கேளாதவரு. தொண்ணூறுகளோட தொடக்கத்துல காது கேக்குறவங்களோட மோதி, இந்தியாவோட தேசிய பேட்மிண்டன் சாம்பியனா இருந்தவரு. 1991-ல அர்ஜுனா விருதும் வாங்கினாரு. அது நார்மல் டோர்னமெண்டுதான் சார்.

வாக்ஓவர் அன்னைக்குப் பாப்பா அழல. வண்டியில பின்னாடி உக்காந்து என் முதுகுல விரலால ஏதோ எழுதிக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்து எறங்கினதும் என்னடி எழுதினேன்னு கேட்டேன். "கோர்ட் 3"ன்னா. அவளைக் கூப்பிட்ட கோர்ட்டு.

மறுநா கடைக்குப் போயி ரெண்டடிக்கு ஒன்றரை அடி வெள்ளைப் போர்டு ஒண்ணும், மார்க்கரும், ஒரு துடைப்பானும் வாங்கினேன். ஐநூறு ரூவாகூட ஆகல. அடுத்த மாசம் இன்னொரு எடத்துல போட்டி இருக்கு. நடத்துறவர்கிட்டப் போயி, மைக்குல கூப்பிடும்போதே யாரு, எந்தக் கோர்ட்டுன்னு இதுல எழுதிருங்கன்னு கேட்டேன். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராத்தான் போனேன். "அட, குடுங்க சார், எங்க மைக்கும் சரியில்லதான்"ன்னு வாங்கி உள்ள வெச்சுட்டாரு.

உங்க ஊர்ல யாராச்சும் போட்டி நடத்துறீங்களா? ஷட்டில்னு இல்ல, கபடி, கேரம், எதுனாலும் சரி. மைக்குப் பக்கத்துல ஒரு போர்டு வைங்க. ஃபாரத்துல 'காது கேக்காது'ன்னு எழுதியிருந்தா, பேரைக் கூப்பிட்டுட்டு விட்டுறாம, ஒரு ஆளை அனுப்பித் தோளைத் தட்டச் சொல்லுங்க. வாங்க வசதிப்படலைன்னா எனக்குச் சொல்லுங்க, நானே வாங்கியாந்து எழுதவும் நிக்கிறேன். இந்தத் தடவை பஜ்ஜிக்குப் போக மாட்டேன்.